இரண்டு எண்களும் ஒரு சமன்பாடும்

தெரியாத எண் ஒன்றே உடைய சமன்பாடு பெரும்பாலும் ஒன்றிரண்டு விடைகளோடு முடிந்துவிடும். தெரியாத எண்கள் இரண்டாகும்போது விடையின் இயல்பே மாறுகிறது. அங்கே ஒவ்வொரு விடையும் ஓர் இணையாக அமையும். அத்தகைய இணைகள் சில வேளை கூட்டமாக வரும். சில வேளை ஒன்றுகூட வராது. எத்தனை இணைகள் உள்ளன, அவை அனைத்தையும் கண்டாயிற்று என்பதை எவ்வாறு உறுதி செய்வது என்னும் வினா பள்ளிக் கணக்கில் தொடங்கி இன்றைய உயர்கணிதத்தின் விளிம்புவரை செல்கிறது. அவ்வழியில் நெடுந்தொலைவு சென்ற தமிழர் ஒருவர் செங்கல்பட்டில் பள்ளிக்கல்வி பயின்றவர். அவர் தோற்றுவித்த நிறுவனம் மாமல்லபுரத்திற்குச் செல்லும் பழைய சாலையை ஒட்டிச் சிறுசேரியில் இன்று இயங்குகிறது. அவருடைய பணியை அறிவதற்கு முன், அப்பாதையின் முதற்படிகளைக் காண்பது நன்று.

கடைவீதியில் ஒரு கணக்கு

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்குச் செல்லும் வழியில், கிளிஞ்சல் மாலைகளும் மாக்கல்லில் செதுக்கிய சிறு யானைகளும் விற்கும் கடை ஒன்று இருப்பதாகக் கொள்க. மாலை ஒன்றின் விலை 30 ரூபாய். யானை ஒன்றின் விலை 70 ரூபாய். சுற்றுலா வந்த மாணவி ஒருத்தி 500 ரூபாயை மீதமின்றிச் செலவிட விரும்புகிறாள். மாலைகளின் எண்ணிக்கையைக் 'க' என்றும், யானைகளின் எண்ணிக்கையைச் 'ச' என்றும் குறித்தால்,

30க + 70ச = 500

என்னும் சமன்பாடு கிடைக்கும். இருபுறமும் பத்தால் வகுக்க, 3க + 7ச = 50 ஆகும்.

யானைகள் ஏழுக்கு மேற்பட முடியாது. எட்டு யானைகளின் விலையே 560 ரூபாய். ஆகவே ச என்பதற்கு 0 முதல் 7 வரை எட்டு மதிப்புகளை மட்டும் சோதித்தால் போதும். 50 இலிருந்து 7ச-வைக் கழித்தபின் எஞ்சுவது மூன்றால் மீதியின்றி வகுபட வேண்டும். ச = 2 எனில் எஞ்சுவது 36; க = 12. ச = 5 எனில் எஞ்சுவது 15; க = 5. மற்ற ஆறு மதிப்புகளும் பொருந்துவதில்லை. எனவே (12, 2), (5, 5) ஆகிய இரண்டு இணைகளே விடை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இரண்டு இணைகளைக் கண்டுபிடித்தது பாதி வேலையே. எட்டு மதிப்புகளுக்கு அப்பால் வேறு இடம் இல்லை என்று முதலிலேயே எல்லை கட்டியதால்தான், மூன்றாவது இணை இல்லை என்று துணிந்து கூற முடிகிறது. சமன்பாட்டில் மதிப்புகளை இட்டு அட்டவணை நிரப்பும் பழக்கத்தில் இந்த மறுபாதி பலருக்கும் நழுவிவிடுகிறது.

இணையில் எண்களின் வரிசைக்கும் பொருள் உண்டு. (12, 2) என்பது பன்னிரண்டு மாலைகளும் இரண்டு யானைகளும். அதைப் புரட்டி (2, 12) என எழுதினால், இரண்டு மாலைகளுக்கும் பன்னிரண்டு யானைகளுக்குமாக 900 ரூபாய் தேவைப்படும். இதனாலேயே இவை வரிசைச் சோடிகள் எனப்படுகின்றன. நிலப்படத்தில் இதன் விளைவு இன்னும் பெரிது. கடலுக்குச் செல்லும் மீனவர் பலர் இன்று செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவியைக் கையாள்கின்றனர். அக்கருவி ஓர் இடத்தை இரண்டு எண்களால் குறிக்கும். மாமல்லபுரம் ஏறத்தாழ 12.6 பாகை வட அட்சத்திலும் 80.2 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. எண்களை இடம் மாற்றி, 80.2 பாகை வட அட்சம், 12.6 பாகை கிழக்குத் தீர்க்கம் எனக் கொண்டால், அந்த இடம் நார்வே நாட்டுக்கும் வடக்கே, சுவால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் போய் விழும்.

எந்த எண்களுக்குள் தேடுவது?

மீண்டும் கடைக்கே வருவோம். குறை எண்களையும் ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும்? (-2, 8) என்பதும் 3க + 7ச = 50 என்பதை நிறைவு செய்யும். முன்பே வாங்கிய இரண்டு மாலைகளைத் திருப்பிக் கொடுத்து எட்டு யானைகளைப் பெற்றால், கையிலிருந்து செல்வது அதே 500 ரூபாய்தான். (19, -1) என்பதும் பொருந்தும். க-வை ஏழு கூட்டி ச-வை மூன்று குறைக்கும்போதெல்லாம் புதிய இணை பிறக்கிறது, அவ்வாறே எதிர்த்திசையிலும். இயல் எண்களுக்குள் இரண்டாக இருந்த விடைகள் முழுக்களுக்குள் எண்ணிலவாகிவிட்டன.

யானையின் விலை 70 ரூபாய்க்கு மாறாக 60 ரூபாயாக இருந்திருந்தால் நிலைமை வேறு. 3க + 6ச = 50 என்பதன் இடப்பக்கம் எப்போதும் மூன்றின் மடங்கு; வலப்பக்கம் அவ்வாறில்லை. எனவே முழுக்களில் ஓர் இணைகூடக் கிடையாது. இந்த வகைச் சமன்பாடுகளை முழுமையாகத் தீர்க்கும் முறையை ஆரியபட்டர் கி.பி. 499 ஐச் சேர்ந்த தம் ஆரியபட்டீயத்தில் தந்துள்ளார். பிற்காலத்தில் அது குட்டகம் எனப்பட்டது. குட்டகம் என்றால் இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். பெரிய எண்களை மாறி மாறி வகுத்துச் சிறுதுண்டுகளாக்கி, விடையைத் திரும்பக் கட்டியெழுப்பும் அம்முறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

மெய்யெண்கள் அனைத்தையும் அனுமதித்தால், இணைகள் இடைவெளியின்றி நெருங்கி ஒரு நேர்கோடாகிவிடும். இணையைப் புள்ளியாகவும், இணைகளின் கூட்டத்தைக் கோடாகவும் வளைவாகவும் காணும் இந்தப் பார்வையைப் பிரான்சு நாட்டு அறிஞர் தெக்கார்த்தே 1637 இல் வெளியிட்ட வடிவியல் நூல் பரப்பியது. சமன்பாடு ஒன்றே, தேடும் எண்களின் உலகம் மாறும்தோறும் விடையும் மாறுகிறது.

இந்த மாற்றம் வட்டத்தில் மேலும் தெளிவாகிறது. க² + ச² = 1 என்பது ஆரம் ஓர் அலகாகிய வட்டம். இதில் விகிதமுறு எண்களாலான இணைகள் யாவை? (3/5, 4/5) எளிதில் தோன்றும். அனைத்தையும் பெற ஓர் அழகிய வழி உண்டு. வட்டத்தின் மீதுள்ள (-1, 0) என்னும் புள்ளியில் நின்று, 'த' என்னும் சாய்வுடைய கோடு ஒன்றை வரைக. அதன் சமன்பாடு ச = த(க + 1). இதை வட்டத்தின் சமன்பாட்டில் இட்டுச் சுருக்கினால், அக்கோடு வட்டத்தை மீண்டும் வெட்டும் இடம்

க = (1 - த²)/(1 + த²), ச = 2த/(1 + த²)

எனக் கிடைக்கும். த = 1/2 எனில் (3/5, 4/5); த = 2/3 எனில் (5/13, 12/13). த விகிதமுறு எண்ணானால் கிடைக்கும் இணையும் விகிதமுறு இணையே. மறுதலையாக, வட்டத்தின் மீதுள்ள எந்த விகிதமுறு புள்ளியை (-1, 0) உடன் இணைத்தாலும் அக்கோட்டின் சாய்வு விகிதமுறு எண்ணாகவே இருக்கும். ஆகவே இந்த வலையிலிருந்து ஓர் இணையும் தப்பாது. கடைக்கணக்கில் எல்லை கட்டியது செய்த வேலையை இங்கே ஒரு கோடு செய்கிறது.

இனி க² + ச² = 3 என்பதைக் காண்க. இதுவும் வட்டமே, சற்றுப் பெரியது. மெய்யெண் இணைகள் இதிலும் எண்ணில. ஆனால் விகிதமுறு இணை ஒன்றேனும் உண்டா? உண்டெனக் கொண்டு, க = ப/ந, ச = ம/ந என எழுதுக; ப, ம, ந மூன்றுக்கும் பொதுக்காரணி இல்லாதவாறு முன்னரே சுருக்கிவிடுக. அப்போது ப² + ம² = 3ந². ஓர் இரட்டை எண்ணின் வர்க்கம் நான்கால் வகுக்க மீதி 0 தரும். ஒற்றை எண்ணின் வர்க்கம் மீதி 1 தரும். ஆதலின் இடப்பக்கத்தின் மீதி 0, 1, 2 ஆகியவற்றுள் ஒன்று. வலப்பக்கத்தின் மீதியோ 0 அல்லது 3. இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் மீதி 0 ஆகவே இருக்க வேண்டும். அதற்கு ப, ம, ந மூன்றும் இரட்டை எண்களாக வேண்டும். பொதுக்காரணி இல்லை என்று தொடங்கிய இடத்தில் 2 என்னும் பொதுக்காரணி வந்து நிற்கிறது. இம்முரண்பாட்டால், அத்தகைய இணை இல்லை என்பது தெளிவு. தளமெங்கும் விகிதமுறு புள்ளிகள் மணல்போல் நெருங்கிக் கிடந்தாலும், அவற்றுள் ஒன்றையும் தொடாமல் இவ்வட்டம் சுற்றி வந்துவிடுகிறது. ஆயிரமாயிரம் எண்களை இட்டுப் பார்த்தாலும் எட்ட முடியாத இம்முடிவை, மீதிகளைப் பற்றிய நான்கு வரிகள் தந்துவிடுகின்றன.

வளரும் இணைகள்

க² - 2ச² = 1 என்பதன் முழு எண் இணைகளுள் (3, 2) ஒன்று. ஓர் இணை (க, ச) தெரிந்தால் (3க + 4ச, 2க + 3ச) என்பதும் இணையாகும். இதனைப் பெருக்கிப் பார்த்தே சரிபார்க்கலாம். இடையில் வரும் 24கச என்னும் உறுப்பு நீங்கி, மிஞ்சுவது க² - 2ச² தான். இவ்வாறு (3, 2), (17, 12), (99, 70), (577, 408) என இணைகள் முடிவின்றி வளர்கின்றன. க-வைச் ச-வால் வகுத்தால் இரண்டின் வர்க்கமூலத்தை மேன்மேலும் நெருங்கும் பின்னங்கள் கிடைக்கும். 577/408 என்பதற்குச் சமமான மதிப்பு பழைய சுல்ப சூத்திரங்களிலேயே காணப்படுகிறது.

இவ்வகைச் சமன்பாடுகளைப் பிரம்மகுப்தர் கி.பி. 628 இல் ஆராய்ந்தார். 2 இருக்கும் இடத்தில் 61 ஐ இட்டால், க² - 61ச² = 1 என்பதன் மிகச்சிறிய மிகை முழு எண் இணை (1766319049, 226153980) ஆகும். இதனைக் கி.பி. 1150 இல் இரண்டாம் பாஸ்கரர் சக்கரவாள முறையால் கண்டறிந்தார். ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, 1657 இல், பெர்மா இதே 61 ஐ ஐரோப்பிய அறிஞர்க்கு அறைகூவலாக விடுத்தார். சிறிய சமன்பாட்டின் முதல் விடை பத்து இலக்கம் வரை ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. நூறு வரை, ஆயிரம் வரை தேடியும் கிடைக்கவில்லை என்பதால் விடை இல்லை என்று கூறிவிட முடியாது.

முப்படிச் சமன்பாடுகள்

இராமானுசனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 யாவரும் அறிந்ததே. நோயுற்றிருந்த அவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை ஊர்தியின் எண் சுவையற்றது என்றார். இராமானுசனோ, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வகையில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் அது என உடனே மறுமொழி தந்தார். பிரெனிக்கிள் என்னும் பிரெஞ்சு அறிஞர் இப்பண்பை 1657 இலேயே குறித்திருந்தார் என்பது பலர் அறியாதது. அந்த நிகழ்ச்சியை வியப்போடு கூறிவிட்டு நகர்ந்துவிடுவதே வழக்கம். அதனுள் இருக்கும் கணக்கோ பதினோராம் வகுப்பு மாணவர் கைக்கு எட்டுவது.

க³ + ச³ = 1729 என்பதன் மிகை முழு எண் இணைகளைக் காண, க + ச என்பதை ந எனக் கொள்க. க³ + ச³ என்பது (க + ச)(க² - கச + ச²) என்று காரணிப்படும். இரண்டாம் காரணி, க, ச மிகை எண்களாயிருக்கையில், ந²-ஐ விடச் சிறியதாகவும் ந²-இன் கால்பங்குக்குக் குறையாததாகவும் இருக்கும். ஆகவே ந³ என்பது 1729 ஐ விடப் பெரியது. 1729 இன் நான்கு மடங்காகிய 6916 ஐ விஞ்சாதது. 12 இன் கனம் 1728. 19 இன் கனம் 6859. 20 இன் கனம் 8000. எனவே ந 13 முதல் 19 வரையுள்ள எண்களுள் ஒன்று. அது 1729 ஐ மீதியின்றி வகுக்கவும் வேண்டும். 1729 = 7 × 13 × 19. அந்த எல்லைக்குள் அடங்கும் வகுத்திகள் 13, 19 ஆகிய இரண்டே. ந = 13 எனில் கச = 12; எண்கள் 1, 12. ந = 19 எனில் கச = 90; எண்கள் 9, 10. வரிசையைக் கணக்கில் கொண்டால் (1, 12), (12, 1), (9, 10), (10, 9) என நான்கு சோடிகள், ஐந்தாவது இல்லை.

முழுக்களை விட்டு விகிதமுறு எண்களுக்குச் சென்றால் முப்படிச் சமன்பாடு முற்றிலும் வேறு முகம் காட்டுகிறது. க³ + ச³ = 9 என்பதில் (1, 2) வெளிப்படை. வட்டத்திற்குச் செய்ததுபோல் ஒரு புள்ளியிலிருந்து கோடு வரைந்தால், முப்படி வளைவை அது இன்னும் இரண்டு இடங்களில் வெட்டக்கூடும். அவை விகிதமுறு எண்களாக அமைய வேண்டியதில்லை. ஆனால் (1, 2) இல் தொடுகோடு வரைந்தால், தொடும் புள்ளி இருமுறை எண்ணப்படும். எஞ்சும் மூன்றாவது புள்ளி விகிதமுறு புள்ளியாகவே இருந்தாக வேண்டும். அங்கே தொடுகோட்டின் சாய்வு -1/4. கணக்கிட்டால் (-17/7, 20/7) கிடைக்கும். 20 இன் கனமாகிய 8000 இலிருந்து 17 இன் கனமாகிய 4913 ஐக் கழித்தால் 3087. அது 343 இன் ஒன்பது மடங்கு.

புதிய புள்ளியில் மீண்டும் தொடுகோடு வரையலாம். கிடைத்த புள்ளிகளைக் கோட்டால் இணைத்தும் வேறு புள்ளிகளைப் பெறலாம். இச்சமன்பாட்டிற்கு இவ்வாறு முடிவின்றி விகிதமுறு இணைகள் உண்டு. எண்கள் மட்டும் அச்சுறுத்தும் விரைவில் பெருக்கின்றன. 1, 2 அல்லாத இரு மிகைப் பின்னங்களின் கனங்கள் கூடி 9 ஆக வேண்டும் என்று ஆங்கிலப் புதிர் ஆசிரியர் டூடெனி 1907 இல் வெளியான தம் நூலில் கேட்டார். அவர் தந்த விடையில் இரு பின்னங்களின் கீழும் நிற்கும் எண் 348671682660. மேலே நிற்பவை 415280564497, 676702467503. கணிப்பொறி இல்லாத காலத்துக் கைவேலை இது.

விடைகளின் வடிவம்

நேர்கோட்டிலும் வட்டத்திலும் விகிதமுறு புள்ளி ஒன்று கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிடுகின்றன. முப்படி வளைவில் தொடுகோடு கொண்டு தேட வேண்டியிருக்கிறது. நான்காம் படியில் நிகழ்வது என்ன? க⁴ + ச⁴ = 17 என்பதில் (1, 2), (2, 1) ஆகியவையும் அவற்றின் குறி மாற்றங்களுமாக எட்டு இணைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. விகிதமுறு எண்களில் வேறு இணை உண்டா என்னும் வினாவை எழுப்பியவர் பிரெஞ்சுக் கணித மேதை ழான் பியர் சேர். இல்லை என்று பிளின், வெதரெல் ஆகிய இருவர் 2001 இல் நிறுவிய வரை அது விடையின்றி இருந்தது. ஒன்பதுக்கு முடிவிலா இணைகள். பதினேழுக்கு எட்டே இணைகள். ஏன் இந்த வேறுபாடு?

விடை சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. அதே சமன்பாட்டைக் கலப்பெண்களுக்குள் தீர்த்து, முடிவிலியில் உள்ள சில புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டால், இணைகளின் கூட்டம் ஒரு மூடிய மேற்பரப்பாக உருக்கொள்ளும். கோட்டுக்கும் வட்டத்திற்கும் அது பந்தின் மேற்பரப்பு போன்றது. க³ + ச³ = 9 என்பதற்கு அது, தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாட்டைப் போன்றது; உளுந்து வடையை நினைத்துக்கொண்டாலும் பிழையில்லை. நடுவில் ஒரு துளை. க⁴ + ச⁴ = 17 என்பதன் மேற்பரப்பில் மூன்று துளைகள். இரண்டோ அதற்கு மேலோ துளைகள் இருந்தால், விகிதமுறு இணைகள் ஓர் எல்லைக்குள் அடங்கிவிடும் என்று மோர்டெல் 1922 இல் கருதினார். பால்டிங்சு 1983 இல் அதை மெய்ப்பித்தார். பின்னங்களைத் தேடுபவருக்கு விடை எத்தனை என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பரப்பின் துளைகள் கட்டுப்படுத்துகின்றன. இணைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதை விட்டு, அவற்றின் கூட்டத்தை ஒரே வடிவமாக எடுத்து ஆராயும் துறையே இயற்கணித வடிவியல்.

ஒரு துளையுடைய முப்படி வளைவு மட்டும் இன்றும் வழிக்கு வரவில்லை. கொடுக்கப்பட்ட அத்தகைய வளைவில் விகிதமுறு இணைகள் முடிவுள்ளவையா, முடிவிலியா என்பதை எப்போதும் தீர்மானித்துத் தரும் என்று நிறுவப்பட்ட முறை இதுவரை இல்லை. இதனோடு தொடர்புடைய பர்ச்சு, சுவின்னெர்ட்டன்-டையர் கருதுகோளுக்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பரிசு இன்னும் வழங்கப்படவில்லை.

செங்கல்பட்டிலிருந்து

பதினேழைப் பற்றிக் கேட்ட அதே சேர், 1955 இல் வேறொரு வினாவையும் எழுப்பியிருந்தார். அதைப் புரிந்துகொள்ள நீண்ட காகித நாடா ஒன்று போதும். நாடாவின் இரு முனைகளையும் நேராக ஒட்டினால் வளையல் போன்ற பட்டை கிடைக்கும். ஒரு முனையை அரைச்சுற்றுத் திருப்பி ஒட்டினால், முறுக்குடைய பட்டை கிடைக்கும். அதை வெட்டாமல் நேராக்க முடியாது. இரண்டும் ஒரே வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு கோட்டுத்துண்டை நட்டு உருவானவையே. வட்டத்திற்குப் பதிலாக (க, ச) என்னும் எல்லா இணைகளும் அடங்கிய தளத்தை எடுத்துக்கொள்க. அதன் ஒவ்வொரு புள்ளியிலும், பல்லுறுப்புக் கோவைகள் வகுக்கும் விதிப்படி, ஒரு கோட்டையோ தளத்தையோ நட்டால், அந்த அமைப்பில் நேராக்க முடியாத முறுக்கு ஏதேனும் ஒளிந்திருக்குமா? எந்த விதியையும் அனுமதித்தால் நேராக்கிவிடலாம் என்பது தெரிந்ததே. பல்லுறுப்புக் கோவைகளை மட்டும் கருவியாகக் கொண்டு நேராக்க முடியுமா என்பதே சேரின் வினா.

இரண்டு மாறிகளுக்கு, அதாவது வரிசைச் சோடிகளின் தளத்திற்கு, முடியும் என்று 1958 இல் நிறுவியவர் சி. எஸ். சேஷாத்திரி. அப்போது அவருக்கு வயது 26. எத்தனை மாறிகளாயினும் முடியும் என்பதைக் குவில்லென், சுசுலின் ஆகிய இருவரும் தனித்தனியே 1976 இல்தான் மெய்ப்பித்தனர். இடையில் பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

சேஷாத்திரி 1932 இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். தந்தையார் செங்கல்பட்டில் வழக்கறிஞராக இருந்தமையால் பள்ளிப்படிப்பு முழுவதும் அந்நகரிலேயே நிகழ்ந்தது. பின்னர்ச் சென்னை இலயோலா கல்லூரியில் கணிதம் பயின்றார். அங்கே பாதிரியார் சார்லசு ரசீன் ஆசிரியராக இருந்தார். பாரிசில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்துவிட்டு இந்தியா வந்தவர் அவர். தேர்வுக்குரிய பழைய பாடங்களோடு நின்றுவிடாமல், ஐரோப்பாவில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தைத் தம் மாணவர்க்கு அறிமுகப்படுத்தி, ஆய்வுத்துறைக்கு அவர்களைத் தூண்டினார். ரசீன் இல்லாமல் இந்தக் கதையை எழுத முடியாது. அவருடைய மாணவருள் மற்றொருவர், தண்டரை என்னும் சிற்றூரில் அதே 1932 இல் பிறந்த எம். எஸ். நரசிம்மன். இருவரும் 1953 இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தனர்.

இருவரும் இணைந்து 1965 இல் வெளியிட்ட தேற்றம் நரசிம்மன்–சேஷாத்திரி தேற்றம் என உலகெங்கும் வழங்குகிறது. முன்னர்க் கூறிய துளையுள்ள மேற்பரப்புகளின் மீது இயற்கணித முறையில் நடப்படும் அமைப்புகளுள் நிலையானவை எவை என்பதை, அப்பரப்பின் துளைகளைச் சுற்றிவரும் பாதைகளைக் கொண்டே அறியலாம் என்று அது காட்டுகிறது. இயற்கணிதமும் வடிவமும் ஒன்றையொன்று மொழிபெயர்க்கும் அகராதி போன்றது அது. பின்னாளில் கோட்பாட்டு இயற்பியலாளர்க்கும் அது தேவைப்பட்டது.

மூன்று பத்தாண்டுகள் பம்பாயில் பணியாற்றிய சேஷாத்திரி, 1984 இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்திற்கு வந்தார். இந்தியக் கல்வியில் ஒரு குறை அவரை உறுத்தியது. ஆய்வு நிறுவனங்களில் ஆய்வாளர் இருந்தனர். இளநிலை மாணவர் இல்லை. கல்லூரிகளில் இளநிலை மாணவர் இருந்தனர், ஆய்வு இல்லை. கல்லூரி மாணவப் பருவத்திலேயே ரசீனைப் போன்ற ஒருவர் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு அவரும் நரசிம்மனுமே சான்று. 1989 இல் இசுபிக் அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவில் அவர் தொடங்கிய கணிதப் பள்ளி, பின்னர்ச் சென்னைக் கணிதவியல் கழகம் ஆயிற்று. 1998 இல் அங்கே இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. 2005 இல் கழகம் சிறுசேரிக்கு இடம்பெயர்ந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 இல். ஆகவே சேஷாத்திரி படித்த ஊரும், அவர் உருவாக்கிய கழகமும் இன்று ஒரே மாவட்டத்திற்குள் அடங்கும்.

அவருக்கு 1988 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் தகுதியும், 2009 இல் பத்ம பூஷண் விருதும் கிடைத்தன. கருநாடக இசையிலும் தேர்ந்த பாடகர். 2020 சூலை 17 அன்று சென்னையில் மறைந்தார். சிறுசேரியில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நுழைவுத்தேர்வு எழுதி வரும் மாணவர், முதலாண்டிலேயே ஆய்வாளர்களிடம் பாடம் கேட்கின்றனர்.